தாத்தாவின் மோரிஸ் மைனர் ஒரு பக்கம் சாய்கிறது: ஸ்பிரிங்கை மாற்ற வேண்டுமா?

தம்பி, உங்கள் தாத்தா கிராணியாக (தோட்ட எழுத்தராக) இருந்த காலத்தில் வாங்கிய 1961 மோரிஸ் மைனர் பின்னால் வலப்பக்கம் ஒன்றரை விரல்கடை தாழ்ந்து நிற்கிறது. தோட்டத்துச் சடக்கில் குழியில் இறங்கினால் 'டொக்' என்று இடிக்கிறது. போன வருடம் இடப்பக்க ஸ்பிரிங்குக்கு மட்டும், அதன் முனைகளில் இருக்கும் கித்தா (ரப்பர்) புஷ்ஷை மாற்றினீர்கள். இப்போது பெங்கெலில் (பட்டறையில்) காட்டினால், இரண்டு ஸ்பிரிங்கையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு போடு, ஆட்டத்தை அடக்கும் பழைய அப்சோபரையும் எடுத்துவிட்டுக் குழாய் மாதிரி நீள அப்சோபர் மாட்டு என்கிறார்கள். செலவு செய்யலாமா, அல்லது வீட்டிலேயே கழற்றிப் பூட்டலாமா என்பது உங்கள் கேள்வி.

கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு உறுத்துகிறது. "இடப்பக்கம் மட்டும் புஷ் மாற்றினோம், வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி ஒரே மத்தியானத்தில் முடித்துக் கொடுத்தார்கள்" என்கிறீர்கள். வலப்பக்கம் இறங்கியிருக்கிறது என்று எல்லாரும் வலப்பக்கத்தையே குனிந்து பார்க்கிறார்கள். இடப்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று யாராவது பார்த்தார்களா?

இந்தப் புஷ் சுழலுகிற சாமான் இல்லை. பேரிங் மாதிரி நினைத்துவிடக்கூடாது. நட்டை இறுக்கியதும் கித்தா அந்த இடத்திலேயே கவ்விக்கொள்ளும். ஸ்பிரிங் மேலும் கீழும் போகும்போது கித்தா முறுக்கிக்கொடுக்கும், பிறகு பழைய நிலைக்குத் திரும்பும். அதுதான் அதன் வேலை. வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போது எக்சல் தொங்குகிறது, ஸ்பிரிங் கீழே வளைந்து கிடக்கிறது. அந்த நிலையில் நட்டை இறுக்கினால், கித்தாவுக்கு அதுதான் 'சும்மா இருக்கிற' நிலை. வண்டியைத் தரையில் இறக்கியதும் புஷ் முழுக்க முறுக்கிக்கொண்டு உடம்பை மேலே தள்ளப் பார்க்கும். நாள் முழுக்க, கார் நிறுத்திக் கிடக்கும்போதும், முறுக்கு விலகாது. அந்தப் பக்கம் கொஞ்சம் உயரமாக நிற்கும். பிறகு ஒரு நாள் கித்தா கிழியும், இரும்பு இரும்போடு மோதும். உங்கள் 'டொக்' அங்கிருந்துகூட வரலாம்.

நாம் கித்தா வெட்டிய ஊர்க்காரர்கள். ஒரு கித்தாச் சீட்டைக் கையில் முறுக்கி ஒரு வாரம் கட்டி வைத்தால் என்ன ஆகும் என்று உங்கள் பாட்டிக்குக்கூடத் தெரியும். புஷ்ஷுக்கும் அதேதான்.

ஆகவே சாமான் எதுவும் வாங்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். சமதளமான சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்துங்கள். நான்கு டயரிலும் காற்றைச் சரிபாருங்கள். பின் டயர் இரண்டிலும் ஒரே அளவு இருக்கவேண்டும். பின் பூட்டில் (டிக்கியில்) கிடக்கும் சாமான்களை இறக்கிவிடுங்கள். பின்பக்கத்தைப் பிடித்து நாலைந்து தடவை அழுத்தி விடுங்கள். பிறகு சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள், மில்லிமீட்டரில் எழுதுங்கள். அடுத்து, பின் சக்கரங்களை இரண்டு தடித்த பலகை மேல் ஏற்றி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, அடியில் கை போகிற அளவு இடம் செய்துகொண்டு, இடப்பக்க ஸ்பிரிங்கின் முன் கண் (முன்முனை வளையம்) போல்ட்டையும், பின்முனையை உடம்போடு இணைக்கும் ஷேக்கிளின் நட்டுகளையும் இளக்குங்கள். கழற்ற வேண்டாம், ஓரிரண்டு சுற்று இளக்கினால் போதும். வெளியே வந்து மறுபடி அழுத்தி விடுங்கள். 'கிர்ர்' என்று ஒரு சத்தத்தோடு உடம்பு உட்கார்ந்தால் விஷயம் பிடிபட்டது. அதே நிலையில் இறுக்கி, கீழே இறக்கி மறுபடி அளவு எடுங்கள். வித்தியாசம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டால் ஸ்பிரிங் மீது பழி போட வேண்டியதில்லை.

மிச்ச வித்தியாசம் முன்பக்கத்திலிருந்தும் வரலாம். மைனரை வரைந்த அலெக் இசிகோனிஸ் முன்னால் டோர்ஷன் பார் வைத்தார். முறுக்குகிற நீள இரும்புக் கம்பி அது. பின்னால் பழைய மாட்டுவண்டி வழியில் பட்டை ஸ்பிரிங். 1948-இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் வெளிவந்த நாள் முதல் உற்பத்தி நிற்கும் வரை இந்த அமைப்பு மாறவில்லை. முன்னால் ஒரு பக்கத்து டோர்ஷன் பார் தளர்ந்திருந்தால் வண்டி முழுசாகச் சாயும், பின்பக்கமும் சேர்ந்து சாயும். பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. முன்னால் குறுக்குச் சட்டத்தின் நட்டநடுவில் ஜாக்கி வைத்து, முன் சக்கரங்கள் தரையைவிட்டு எழும் அளவுக்குத் தூக்குங்கள். இப்போது முன்பக்கம் ஒற்றைப் புள்ளியில் நிற்கிறது. சாய்வு ஏதும் பின்பக்கத்துக்குக் கடத்தாது. இந்த நிலையில் பின்னால் அளவெடுங்கள். யாரும் வண்டிக்கு அடியில் போக வேண்டாம், அளவு எடுக்க மட்டும்தான். பின்பக்கம் சமமாகிவிட்டால் குற்றவாளி முன்னால் இருக்கிறான். அதைச் சரிசெய்ய டோர்ஷன் பாரின் பின்முனையில் வசதி உண்டு. அது வேறு கதை.

சத்தத்தையும் பிரித்துக் கேளுங்கள். குழியில் விழும்போது மட்டும் இடித்தால் புஷ், ஷேக்கிள், அப்சோபரை ஸ்பிரிங்கோடு இணைக்கும் லிங்க், எக்சலை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ போல்ட் இந்த நாலில் ஒன்று. கிளட்சை விட்டு வண்டி கிளம்பும்போதும் கியர் மாற்றும்போதும் இடித்தால் அது புரோப்பெல்லர் ஷாப்ட் ஜாயிண்டாக இருக்கும், அல்லது எக்சல் உள்ளே பல் தேய்ந்திருக்கும். பின்னதற்கு ஸ்பிரிங் மாற்றி ஒரு பிரயோசனமும் இல்லை. இரண்டு வகையிலும் இடித்தால் முதலில் யூ போல்ட்டில் கை வையுங்கள்.

இவ்வளவு பார்த்தும் ஸ்பிரிங்தான் என்று ஆனால், அல்லது எல்லாவற்றையும் ஒரு தடவை சுத்தமாகக் கழற்றிப் பூட்டிவிடலாம் என்று மனசு சொன்னால், வீட்டிலேயே செய்யலாம். இரண்டு ஆள், இரண்டு ஞாயிற்றுக்கிழமை. ஆனால் ஸ்பிரிங்கைத் தொடும் முன்னால் அது மாட்டியிருக்கும் இடத்தைத் தட்டிப் பாருங்கள். இந்த வண்டிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. உடம்பும் அடிச்சட்டமும் ஒன்று. ஸ்பிரிங்கின் முன் கண் மாட்டியிருக்கும் தாங்கியும், பின் ஷேக்கிள் தொங்கும் இடமும் தகரத்தை மடித்து வெல்டு வைத்தவை. நம் ஊர் மழைக்கும் செம்மண்ணுக்கும் அவை உள்ளிருந்து அரிக்கும். வெளியே தார் மாதிரி கறுப்புப் பூச்சு பளபளவென்று இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் 'டிங்' என்று சொல்லும். செத்த இடம் 'தொப்' என்று வாயை மூடிக்கொள்ளும். அங்கே ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்துங்கள். உள்ளே போனால் ஸ்பிரிங் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு வெல்டிங் வேலை. மேலே ஒரு தகரத்தை ஒட்டுப் போடுவது ஏமாற்று; அரித்ததை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டு வைக்க வேண்டும். பெட்ரோல் டேங்க் பூட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. பின்னால் எங்கே வெல்டு வைத்தாலும் டேங்கை இறக்கி, தூரமாகக் கொண்டு போய் வைத்த பிறகுதான். பேட்டரி வயரையும் கழற்றிவிடுங்கள்.

இந்தத் தாங்கி விஷயத்தில் நான் பட்டு அறிந்தவன். தொண்ணூறுகளில் என்னிடம் ஒரு மைனர் இருந்தது. டுரியான் காலத்தில் பூட்டிலும் பின் சீட்டிலும் மூட்டை ஏற்றிச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு ஓட்டுவேன். பின்பக்கம் தரையைத் தேய்க்கிறதே என்று, பிக்-அப் ஸ்பிரிங்கிலிருந்து ஒரு பட்டையை எடுத்து இரண்டு பக்கமும் சேர்த்து அடுக்கினேன். நின்ற நிலை கம்பீரமாகத்தான் இருந்தது. ஓட்டினால் முதுகெலும்பு தெரிந்தது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு மழைக்காலம் முடியும் முன்னால் இடப்பக்க முன் தாங்கி வெல்டு ஓரமாகக் கிழிந்தது. ஸ்பிரிங் வாங்க வேண்டிய அடியையெல்லாம் அந்த மெல்லிய தகரம் வாங்கியிருக்கிறது. தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் டிராக்டர் பார்த்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். டிராக்டருக்குத் தடித்த சட்டம் உண்டு, மைனருக்கு இல்லை. கூடுதல் பட்டை போடச் சொல்லும் எவரையும் நம்பாதீர்கள், நானாக இருந்தாலும் சரி.

சரி, கழற்றும் வேலைக்கு வருவோம். காலையில் பசியாறிவிட்டு ஆரம்பியுங்கள். வெறும் வயிற்றில் துருப்பிடித்த போல்ட்டோடு சண்டை போடக்கூடாது. போல்ட்டுகளுக்கெல்லாம் இரண்டு மூன்று நாள் முன்னாலேயே துரு எண்ணெய் அடித்துவைத்து, மாலையும் காலையும் ஒரு தடவை சுத்தியலால் மெல்லத் தட்டிவிடுங்கள். ஸ்பேனர் அங்குலக் கணக்கில் வேண்டும். அரை அங்குல நட்டின் அகலம் 12.7 மி.மீ.; வீட்டில் இருக்கும் 13 மி.மீ. ஸ்பேனர் போய் உட்காரும், உட்கார்ந்ததாக நம்பி இழுத்தால் மூலையை வழித்துவிடும். ஒன்பது பதினாறு (9/16) என்று சொல்கிற நட்டு 14.3 மி.மீ.; அதற்கு 14-உம் நுழையாது, 15-உம் நிற்காது. ஐந்தெட்டு (5/8) மட்டும் 16-க்குப் பரவாயில்லை. அங்குலக் கணக்கில் ஆறு கோண சாக்கெட்டாக நாலைந்து வாங்கிவிடுங்கள். பழைய நட்டை வழித்துவிட்டு அறுத்தெடுக்கும் நேரத்தில் அதற்கான காசைச் சம்பாதித்துவிடலாம்.

வண்டியைத் தூக்கியதும் ஸ்டாண்டு வைக்கும் இடம் நல்ல இரும்பாக இருக்க வேண்டும், தட்டிப் பார்த்தீர்களே, அந்த 'டிங்' இடம். லயத்து முற்றம் மாதிரி மண்தரை என்றால் ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த பலகை. மழை பெய்து நனைந்த மண்ணில் அந்த வேலையே வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு விரலைக்கூட அடியில் நீட்டக்கூடாது.

ஒரு சமயம் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். இரண்டு ஸ்பிரிங்கையும் ஒன்றாக இறக்கினால் எக்சல் முன்னும் பின்னும் ஆடும், மறுபடி பூட்டும்போது உயிரை வாங்கும். எக்சலுக்கு அடியில் உருளும் ஜாக்கியைக் கொடுத்து, கனத்தை லேசாகத் தாங்கிக்கொண்டு, முதலில் அப்சோபர் லிங்கை விடுவியுங்கள். எக்சலை இறக்கும்போது உடம்பிலிருந்து எக்சலுக்குப் போகும் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் கேபிளும் அப்படியே. பிறகு யூ போல்ட், பின் ஷேக்கிள், கடைசியாக முன் கண். ஸ்பிரிங்கை வெளியே எடுக்கும் முன்னால் 'முன்' என்று வெள்ளைப் பெயிண்டில் குறியிடுங்கள். நடு போல்ட்டிலிருந்து இரண்டு கண்ணுக்கும் உள்ள தூரம் பல ஸ்பிரிங்குகளில் ஒன்றாக இருக்காது. திருப்பி மாட்டினால் எக்சல் தள்ளிப்போய்விடும். யூ போல்ட்டும் அதன் நட்டும் திரும்பப் பயன்படுத்தும் சாமான் இல்லை. ஒரு தடவை இழுபட்ட நூல் மறுபடி அதே பிடி பிடிக்காது.

இப்போது பெஞ்சில் ஸ்பிரிங் கிடக்கிறது. சில மைனரில் ஐந்து பட்டை, சிலவற்றில் ஏழு. எத்தனை இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று எண்ணுங்கள். சிரிக்காதீர்கள், ஒரு பக்கம் ஐந்தும் மறுபக்கம் ஏழுமாக ஓடிய வண்டியை நான் பார்த்திருக்கிறேன். அதுவும் 'ஸ்பிரிங் இறங்கிவிட்டது' என்றுதான் வந்தது. இரண்டு ஸ்பிரிங்கையும் வெறும் தரையில் முதுகு மேலாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வளைவின் உயரத்தை அளங்கள். நடு போல்ட்டை நேராகத் திறந்துவிடாதீர்கள். பட்டைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன, நட்டு கழன்றதும் விறுக்கென்று விரியும். வைஸில் நடுவை இறுக்கிக் கவ்வி, நட்டை எடுத்து, பிறகு வைஸை மெல்ல மெல்லத் தளர்த்துங்கள். திரும்ப அடுக்கும்போது இயல்பான போல்ட் எட்டாது. நீளமான நூல் கம்பி ஒன்றைப் போட்டு இழுத்துச் சேர்த்துவிட்டு, பிறகு சரியான போல்ட்டை மாற்றிக்கொள்ளலாம்.

அந்த நடு போல்ட்டின் தலையைக் கவனியுங்கள். அதுதான் எக்சல் இருக்கையின் துளையில் உட்கார்ந்து எக்சலை இடத்தில் வைக்கிறது. யூ போல்ட் தளர்ந்து ஓடியிருந்தால் அந்தத் தலை ஒரு பக்கம் தேய்ந்திருக்கும், சில சமயம் அறுந்தே போயிருக்கும். அறுந்தால் எக்சல் பின்னே நகர்ந்து, கார் நண்டு மாதிரி சாய்ந்து ஓடும். உங்கள் வண்டி அப்படி ஓடுகிறதா என்று கழற்றும் முன்னாலேயே பார்த்துவிடலாம்: முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை இரண்டு பக்கமும் டேப்பை நீட்டுங்கள். மைனருக்கு 86 அங்குலம், அதாவது ஏறக்குறைய 2184 மி.மீ. இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் சரி.

பட்டைகளைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தால் செம்மண்ணும் துருவும் சேர்ந்து மிளகாய்த்தூள் மாதிரி கொட்டும். ஒவ்வொரு பட்டையின் அடிப்பக்கத்திலும், அதற்குக் கீழே இருக்கும் குட்டைப் பட்டையின் நுனி உரசிய இடத்தில் ஒரு பள்ளம் இருக்கும். நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் சும்மா தடங்கினால் அதன் ஓரத்தை வழவழப்பாகத் தேய்த்துவிடலாம். நகம் நின்றுவிட்டால் அந்தப் பள்ளத்தில்தான் வெடிப்பு ஆரம்பிக்கும். வெடிப்பு பார்க்க பெரிய கருவி வேண்டாம். மண்ணெண்ணெயில் நனைத்துக் கொஞ்ச நேரம் விட்டு, நன்றாகத் துடைத்து, சாக்கட்டியைப் பொடித்து மேலே பூசுங்கள். ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து பாருங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே ஒளிந்த மண்ணெண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளைச் சாக்கில் மயிர்க்கோடு மாதிரி ஒரு கறுப்பு வரி விழுந்திருக்கும். நடுத் துளையைச் சுற்றியும், மேல் பட்டை கண்ணாகச் சுருளும் வளைவிலும் கட்டாயம் பாருங்கள். வெடித்த பட்டைக்கு வெல்டு வைக்கக் கூடாது. ஸ்பிரிங் இரும்பின் பக்குவம் வெல்டு சூட்டில் போய்விடும், பக்கத்திலேயே மறுபடி உடையும்.

வெடிப்பு இல்லை, வளைவு மட்டும் இறங்கியிருக்கிறது என்றால்? ஈப்போ பக்கம் லோரி ஸ்பிரிங் அடிக்கும் பட்டறைகளில் கொடுத்து வளைவு ஏற்றலாம். அதிலும் இரண்டு வகை. சுத்தியலாலோ பிரஸ்ஸிலோ பச்சையாக வளைத்துக் கொடுப்பது ஒன்று. மலிவு, கண்ணுக்கு அழகு, ஆனால் கொஞ்ச நாளில் பழையபடி இறங்கப் பார்க்கும். உலையில் சூடேற்றி வளைத்து, எண்ணெயில் குளிர்வித்து, மறுபடி மிதமான சூட்டில் பதம் பார்த்துக் கொடுப்பது இன்னொன்று. பட்டறை முதலாளி தவுக்கேயிடம் எந்த வகை என்று நேராகக் கேளுங்கள். பதம் பார்ப்பதாக இருந்தால் கொடுங்கள், இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். இல்லையென்றால் பிரிட்டனில் மைனர் சாமான் மட்டுமே விற்பவர்களிடம் புது ஸ்பிரிங் வரவழைப்பதுதான் என் யோசனை. வந்ததும் இரண்டின் வளைவையும் தரையில் வைத்து ஒப்பிட்ட பிறகு மாட்டுங்கள். புதுசு முதலில் உயரமாக நிற்கும், ஓட ஓட உட்காரும். அதற்குப் பயந்து மூட்டை ஏற்றி அமுக்க வேண்டாம்.

பட்டைகளுக்கு நடுவே எண்ணெய் போடலாமா என்று ஆளுக்கொரு கட்சி உண்டு. மெல்லிதாகக் கிராபைட் கிரீஸ் பூசுகிற கட்சி என்னுடையது. எஞ்சின் எண்ணெயை ஊற்றுகிற கட்சி மட்டும் வேண்டாம். அது வழிந்து புஷ்ஷுக்குப் போகும், கித்தா எண்ணெய் குடித்து ஊறி, பிசுபிசுவென்று ஆகிவிடும். புஷ்ஷை நுழைக்கும்போதும் அதே விதிதான். கிரீஸ் கூடாது, சவர்க்காரத் தண்ணீர் போதும், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். ஷேக்கிள் புஷ் இரண்டு பாதியாக வரும், கையாலேயே உள்ளே போகும். முன் கண்ணில் இருப்பது இரும்புக் குழாயோடு சேர்ந்த புஷ் என்றால் சுத்தியலால் அடிக்காமல், நீள போல்ட், பெரிய வாஷர், சாக்கெட் வைத்து நட்டை முறுக்கி உள்ளே இழுங்கள். பழையதை வெளியே எடுக்க ஹேக்சா பிளேடால் உள்ளிருந்து அறுக்கலாம். அந்தக் குழாயை அறுத்தவுடன் நிறுத்துங்கள், கண்ணின் இரும்பில் கோடு விழக்கூடாது.

கித்தாவுக்குப் பதிலாக மஞ்சள், சிவப்பு நிறத்தில் கிடைக்கும் பாலியூரிதேன் புஷ் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ரேஸ் ஓட்டினால் போடலாம். உங்கள் தாத்தா வண்டிக்குக் கித்தாவே போதும்.

அப்சோபர் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், பெங்கெலில் அதைத்தான் முதலில் தூக்கி எறியச் சொல்கிறார்கள். மைனரில் இருப்பது ஆர்ம்ஸ்டிராங் வகை நெம்புகோல் அப்சோபர்: உடம்பில் பூட்டிய ஒரு இரும்புப் பெட்டி, அதிலிருந்து நீளும் ஒரு கை, கையிலிருந்து ஸ்பிரிங் தட்டுக்கு ஒரு லிங்க். உள்ளே பிஸ்டன் எண்ணெயைச் சின்ன வழியாகத் தள்ளும், அவ்வளவுதான். கழற்றி, பெட்டியை வைஸில் நிமிர்த்திப் பிடித்து, கையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக ஆட்டிப் பாருங்கள். கெட்டியான தேனில் கரண்டி போவது மாதிரி, முனை முதல் முனை வரை சீரான கனத்தோடு போக வேண்டும். நடுவில் ஓரிடத்தில் சட்டென்று கனம் விட்டால் எண்ணெய் குறைந்து காற்று ஏறியிருக்கிறது. எண்ணெய் ஊற்றும் மூடியைச் சுற்றிப் பிரஷ்ஷாலும் துணியாலும் முதலில் சுத்தமாகத் துடையுங்கள். மூடியைத் திறந்ததும் உள்ளே விழும் ஒரு துளி மண்தான் வால்வைக் கெடுக்கும். ஆர்ம்ஸ்டிராங் எண்ணெய் கிடைக்காவிட்டால் எஸ்ஏஇ 20 மினரல் எண்ணெய் ஊற்றலாம் என்று அந்தக் காலத்துக் கையேட்டிலேயே இருக்கிறது. கடுங்குளிர்ப் பிரதேசத்துக்கு மட்டும் அது ஆகாது என்று எழுதியிருப்பார்கள். சுங்கை சிப்புட்டில் அந்தக் கவலை நமக்கெதற்கு. பிரேக் எண்ணெயைத் தவறியும் ஊற்றாதீர்கள், உள்ளே இருக்கும் சீல் போய்விடும். கொஞ்சம் ஊற்றி, கையை ஆட்டி, காற்று குமிழியாக வெளியேற விட்டு, மறுபடி ஊற்றுங்கள். மூடித் துளையின் கீழ்மட்டம் வரை போதும், வழிய வழிய வேண்டாம். பத்துப் பதினைந்து தடவை ஆட்டியதும் கனம் திரும்பினால் அப்சோபர் பிழைத்தது. கை வெளியே வரும் தண்டுப் பக்கம் எண்ணெய் ஒழுகிக்கொண்டே இருந்தால் மட்டும், பழுதுபார்த்த அப்சோபர் ஒரு ஜோடி வாங்குங்கள். லிங்க்கின் இரண்டு முனைக் கித்தாவையும் பாருங்கள். 'டொக்' சத்தத்துக்குப் பாதி வண்டிகளில் அதுதான் காரணம், சாமானும் சின்னது.

நீள அப்சோபர் மாட்டினால் வண்டி மோசமாகிவிடும் என்று சொல்லவில்லை. நன்றாக யோசித்துச் செய்த கிட் இருக்கிறது. ஆனால் அதன் மேல்முனையை எங்கே மாட்டுவது? தாங்க வடிவமைக்காத தகரத்தில் ஒரு புது அடி விழும். என் டுரியான் கதையை மறுபடி படியுங்கள்.

பூட்டுவது கழற்றியதன் தலைகீழ். முன் கண் போல்ட்டை நுழைத்து நட்டைக் கையால் மட்டும் ஏற்றுங்கள். ஷேக்கிளும் அப்படியே. எக்சலை மெல்ல உயர்த்தி, நடு போல்ட் தலை துளையில் விழுகிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இடையில் வரும் கித்தாப் பட்டைகளைப் போட்டு, புது யூ போல்ட்டை நாலு நட்டும் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஒரு நட்டை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் தட்டு கோணிக்கொள்ளும். யூ போல்ட்டை இப்போதே முழுசாக இறுக்கலாம், அதற்கும் கித்தா புஷ்ஷுக்கும் சம்பந்தமில்லை. இரண்டாவது பக்கமும் முடித்து, சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்குங்கள். கண்ணிலும் ஷேக்கிளிலும் நட்டுகள் இன்னும் கைப்பிடியில்தான் இருக்கின்றன, மறந்துவிடாதீர்கள். அந்த நிலையில் சடக்குக்குப் போகக் கூடாது.

வீட்டில் அம்மா எலுமிச்சம்பழம் எடுத்து வருவார்கள், வேலை முடியட்டும் என்று தடுக்காதீர்கள். நாலு சக்கரத்துக்கும் வைத்து, முற்றத்திலேயே ஒரு முழம் முன்னே ஒரு முழம் பின்னே உருட்டுங்கள். பழமும் நசுங்கும், ஸ்பிரிங்கும் தன் இயல்பான இடத்தில் உட்காரும். பின்பக்கத்தை நாலு தடவை அழுத்தி விட்டு, முன்போலப் பலகை மேல் ஏற்றி, முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வண்டியின் கனம் சக்கரத்தின் மேல் இருக்கும்போதே கண் போல்ட்டுகளையும் ஷேக்கிள் நட்டுகளையும் இறுக்குங்கள். போன வருடம் அந்த மத்தியானத்தில் விட்டுப்போனது இந்தக் கால் மணி நேர வேலைதான் என்று நினைக்கிறேன்.

நூறு நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள், கட்டாயம் கொஞ்சம் ஏறும். அன்றைக்கே அளவையும் எடுத்து, முதல் நாள் எழுதிய அளவுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். வலப்பக்கம் ஐந்தாறு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். அறுபது வருடமாக டிரைவர் உட்கார்ந்த பக்கம் அது. அதற்கு மேல் இருந்தால் இரண்டு அளவையும் எனக்கு அனுப்புங்கள், முன்னால் இருக்கும் டோர்ஷன் பாரைப் பார்ப்போம்.